மலையில் மாட்டிய சைலன்சர், இறக்கத்தில் காட்டிய குணம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நீலகிரி மலையில், கோத்தகிரி பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றைச் சேர்ந்த இளைஞர் இதில் வண்டிக்காரர். தேயிலை ஃபேக்டரியில் ஷிப்டு வேலை. வண்டி 150 சிசி, 2018 மாடல், பிஎஸ் 4 (பழைய மாசு விதிக்கு ஏற்றது), பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் வகை. பெரும்பாலும் வீட்டிலிருந்து ஃபேக்டரிக்கும் அங்கிருந்து வீட்டுக்கும்தான் ஓட்டம், ஒரு நடைக்குப் பத்து நிமிடம் ஆனாலே அதிகம். எப்போதாவது மேட்டுப்பாளையம், கோவை. அவர் வண்டி என் பட்டறைக்கு வந்தபோது பாதிக் கதை முடிந்திருந்தது. முன்பாதி, அவரும் அவருடைய பெரியப்பா மகனும் தங்கையும் சொன்னது. பின்பாதி நான் பார்த்தது.

கதை துருவில் தொடங்குகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக சைலன்சர் வழியே வெளியேறும். வண்டி நன்றாகச் சூடாகி நெடுந்தூரம் ஓடினால் அந்த ஆவி முழுக்கப் போய்விடும். கோத்தகிரிக் குளிரில் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் போகாது. உள்ளேயே தண்ணீராகி அடியில் தேங்கும். அது வடியத்தான் சைலன்சரின் அடிப்பக்கம் சிறு துளை விட்டிருப்பார்கள். இந்த வண்டியில் அந்தத் துளையைச் சேறு அடைத்திருந்தது. வெளியே குரோம் பளபளப்பாக இருக்க, உள்ளிருந்து அரித்து, அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. மலையில் ஓடும் வண்டிகளில் இது சாதாரணம். வெளியே துடைத்துத் துடைத்து வைத்திருப்பவர்களின் வண்டியிலும் பார்த்திருக்கிறேன்.

கம்பெனி சைலன்சர் விலையைக் கேட்டுவிட்டு வந்தவர், அதில் பாதிக்கும் குறைவான விலையில் ஆன்லைனில் ஒன்றை வாங்கினார். குட்டையான ஷார்ட் பாட்டில் வகை, எஞ்சினிலிருந்து சைலன்சருக்கு வரும் பெண்ட் பைப்போடு சேர்த்து முழு செட். சத்தத்துக்கு ஆசைப்பட்டு வாங்கியதல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். சத்தத்தைக் குறைக்க உள்ளே செருகியிருந்த டிபி கில்லர் என்ற குழலை அவர் கழற்றக்கூட இல்லை. செலவைக் குறைக்கத்தான் பார்த்தார்.

வீட்டில் நடந்த வேலை

வேலையைச் செய்தவர்கள் வண்டிக்காரரும் அவருடைய பெரியப்பா மகனும். அண்ணனுக்கு ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் உண்டு. முதல் கட்டத்தை நன்றாகவே செய்திருக்கிறார்கள். எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டில் பைப்பைப் பிடிக்கும் இரண்டு நட்டும் துருவேறி இறுகியிருந்தன. இந்த இடத்தில்தான் பலர் ஸ்பேனரில் பைப் மாட்டி ஒரே மூச்சில் திருப்பி, நட்டு ஏறும் ஸ்டட் என்ற திருகாணியை முறிப்பார்கள். முறிந்த துண்டை அலுமினிய ஹெட்டிலிருந்து எடுப்பது பட்டறைக்காரனுக்கே வேண்டாத வேலை. இவர்கள் ராத்திரி துரு விடும் எண்ணெய் அடித்து ஊற விட்டு, காலையில் கொஞ்சம் அவிழ்த்து, மறுபடி இறுக்கி, இன்னும் கொஞ்சம் அவிழ்த்து என்று பொறுமையாகக் கழற்றியிருக்கிறார்கள். ஸ்டட் இரண்டும் பிழைத்தன.

மாட்டும்போதுதான் சறுக்கல். புதுப் பெட்டியில் கேஸ்கெட் இல்லை. ஹெட்டுக்கும் பைப்புக்கும் நடுவே உட்காரும் அந்த வளையம், ஒருமுறை நசுங்கித் தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் சாமான். மறுமுறை அதே மாதிரி நசுங்காது. ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. பழையதையே துடைத்துப் போட்டார்கள். அடுத்து, பின்னால் ஃபுட்ரெஸ்ட் பக்கத்து போல்ட்டை முதலில் முழுக்க இறுக்கிவிட்டு, முன்னால் வந்து ஹெட் நட்டுகளை இறுக்கியிருக்கிறார்கள். செய்ய வேண்டியது தலைகீழ். எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, ஹெட் பக்கம் இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கி, பைப் நேராக உட்கார்ந்த பிறகுதான் பின் போல்ட். இல்லாவிட்டால் பைப் சாய்வாக உட்காரும், ஒரு பக்கம் இடைவெளி நிற்கும். இங்கே அதுதான் நடந்தது.

இன்னொன்று, வண்டியைக் கழற்றும் வரை யார் கண்ணுக்கும் தெரியாதது. இந்த வண்டியில் சென்டர் ஸ்டாண்டு மேலே போய் இடித்து நிற்கும் ரப்பர் கட்டை பழைய சைலன்சரோடு சேர்ந்தது. அது போனதும் ஸ்டாண்டுக்கு எல்லை இல்லாமல் மேலேறிச் செயினை உரசியது. அண்ணன் கட்டுக்கம்பியால் ஸ்டாண்டை இழுத்துக் கட்டினார். பழைய சைலன்சரில் இருந்த சூட்டுத் தகடும் புதியதில் கிடையாது. அதை அப்போது இருவருமே கவனிக்கவில்லை.

மழை பிடித்திருந்ததால் ஷெட்டுக்குள்ளேயே ஸ்டார்ட் செய்தார்கள். பக்கத்து வீட்டாரை எழுப்ப வேண்டாம் என்று கதவையும் சாத்தினார்கள். சற்று நேரத்தில் இருவருக்கும் தலை கனத்தது. "பெட்ரோல் வாசனைக்கு அப்படி ஆயிருச்சுண்ணா" என்று என்னிடம் சொன்னார்கள். வாசனையை மட்டும் குறை சொல்ல முடியாது. மூடிய ஷெட்டில் பெரிய ஆபத்து புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அந்த நிமிடம் புகை சைலன்சர் முனையில் மட்டும் வரவில்லை, ஹெட் பக்கத்து இடைவெளியிலும் வந்துகொண்டிருந்தது. மழையானால் வண்டியைத் தாழ்வாரத்துக்காவது தள்ளிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

முதல் நாட்கள்

கோத்தகிரிக்குள் ஓட்டியவரை குறை ஒன்றும் தெரியவில்லை. சத்தம் கூடியது. ஃபேக்டரி வாட்ச்மேன் ஒருமுறை முகம் சுளித்தார், அவ்வளவுதான். இழுவை முன்னைவிட நன்றாக இருப்பதாகவே வண்டிக்காரருக்குப் பட்டது. இதை வெறும் நினைப்பு என்று தள்ளிவிட முடியாது. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 மீட்டருக்குச் சற்று மேல். கீழே இருப்பதைவிட மேலே காற்றழுத்தம் சுமார் 15 சதவீதம் குறைவு. கார்புரேட்டருக்கு உயரம் தெரியாது. கீழே எந்த அளவு பெட்ரோலைக் கலக்குமோ கிட்டத்தட்ட அதே கணக்கில் மேலேயும் கலக்கும். காற்று மெலிந்துவிடுவதால் கலவையில் பெட்ரோல் மிஞ்சும். பட்டறையில் இதை 'ரிச்' என்போம். தடையில்லாமல் புகையை விடும் சைலன்சரைப் போட்டால் எஞ்சினுக்குள் காற்று கொஞ்சம் கூடுதலாகப் போகும், கலவை பெட்ரோல் குறைந்த 'லீன்' பக்கம் நகரும். மேலே ஏற்கெனவே மிஞ்சியிருந்த பெட்ரோல் அந்த நகர்வை ஈடுகட்டிவிட்டது. அதனால்தான் வண்டி சுகமாக ஓடியது.

ஆக, கோத்தகிரியில் செய்த சோதனை கோத்தகிரிக்கு மட்டும்தான் செல்லும்.

மேட்டுப்பாளையம் இறக்கம்

சில வாரம் கழித்து, கோவையில் படிக்கும் தங்கையை ஊர்ப் பண்டிகைக்கு அழைத்துவரக் கிளம்பினார். அரவேணு தாண்டி இறக்கம் கூடியதும் இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை விட்டு இறங்கினார். மலைச்சாலையில் அதுதான் முறை. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் சூடேறிப் பிடிமானம் போகும். ஆக்சிலேட்டரை விட்ட மறுகணமே சைலன்சரில் பட், பட் என்று வெடிச்சத்தம். கொஞ்சம் திருகினால் நிற்கிறது, விட்டால் மறுபடி.

காரணம் அந்தப் பழைய கேஸ்கெட். ஆக்சிலேட்டரை மூடி இறங்கும்போது சிலிண்டருக்குள் கலவை சரியாகப் பற்றாது, எரியாத பெட்ரோல் பைப்புக்குள் போகும். அங்கே காற்று கிடைக்காத வரை அது பேசாமல் வெளியேறிவிடும். ஹெட் பக்கம் இடைவெளி இருந்தால், ஒவ்வொரு புகைத்துடிப்புக்கும் பின்னால் வரும் உறிஞ்சலில் வெளிக்காற்று உள்ளே நுழையும், சூடான பைப்புக்குள்ளேயே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். இந்த வண்டியில் மாசு குறைப்பதற்காகப் புகைப்பாதையில் காற்று விடும் குழாய் ஒன்று கம்பெனியே வைத்திருக்கிறது. ஆனால் இறக்கத்தில் அதை மூடிவிட ஒரு வால்வும் உண்டு, இதே வெடிப்பைத் தடுக்கத்தான். கசியும் கேஸ்கெட்டுக்கு ஏது வால்வு?

குஞ்சப்பனைப் பக்கம் யானை வழி. பலாப்பழக் காலத்தில் பகலிலேயே ரோட்டோரம் நிற்கும். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தத்தோடு அந்த வளைவுகளில் இறங்குவது, பைக்கில் வருபவருக்கும் ஆபத்து, பின்னால் நடந்து வருபவருக்கும் ஆபத்து. அன்று யானை எதுவும் இல்லை.

சமவெளியில் வேறு கோளாறு. மேட்டுப்பாளையம் தாண்டிக் கோவை ரோட்டில் 70 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் பிடித்தால் வண்டி விட்டு விட்டு இழுத்தது. மேலே ஈடுகட்டிய அந்த மிச்சப் பெட்ரோல் இங்கே இல்லை. கலவை உண்மையிலேயே லீன். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்று நினைத்து வேறு பங்க்கில் போட்டுப் பார்த்திருக்கிறார்.

ஏற்றமும் தீக்காயமும்

திரும்பும்போது பின்னால் தங்கை, பையோடு. மலையடிவாரம் வரை சமாளித்த வண்டி, ஏற்றத்தில் முழு ஆக்சிலேட்டரில் எஞ்சினுக்குள் கிணுகிணுவென்று தட்ட ஆரம்பித்தது. லீன் கலவை, சூடு, சுமை மூன்றும் சேர்ந்தால் கேட்கும் சத்தம் அது. குஞ்சப்பனை அருகே ஆற வைக்க ஓரம் கட்டினார். இடது பக்கம் ஓடை வாய்க்கால். தங்கை வலது பக்கமாக இறங்கினார். சூட்டுத் தகடு இல்லாத பைப் வலது கெண்டைக்காலில் பட்டது. சுடிதார் துணியைத் தாண்டிச் சுட்டுவிட்டது.

டீக்கடையில் இருந்த பெரியவர் ஒருவர் டூத்பேஸ்ட் எடுத்துக்கொண்டு வந்தார். தங்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கடைப் பைப்பில் காலை நீட்டித் தண்ணீர் விட்டபடி உட்கார்ந்துவிட்டார். "இருபது நிமிஷம் விடணும்னு காலேஜ்ல சொல்லிக்கொடுத்தாங்கண்ணா" என்றார் பிறகு. இந்த நிகழ்வில் குறை சொல்ல முடியாதபடி எடுக்கப்பட்ட முடிவு ஒன்று உண்டு என்றால் அது இதுதான். ஓடும் குளிர்ந்த தண்ணீர், இருபது நிமிடம். பேஸ்ட், மை, ஐஸ் எதுவும் கூடாது. கொப்புளத்தை உடைக்கவும் கூடாது. மாலையில் கோத்தகிரியில் டாக்டரிடம் காட்டிக் கட்டுப் போட்டார்கள்.

பட்டறையில் பார்த்தது

மறுநாள் வண்டி என்னிடம் வந்தது. சத்தத்தைக் குறைக்க முடியுமா என்றுதான் முதலில் கேட்டார். "சத்தத்த அப்புறம் பாக்கலாம் தம்பி, மொதல்ல பிளக்கக் கழட்டு" என்றேன்.

ஸ்பார்க் பிளக் முனை வெள்ளை. மலையிலேயே ஓடும் கார்புரேட்டர் வண்டியில் கருப்புப் படிவதைத்தான் வழக்கமாகப் பார்ப்போம். கடைசியாக ஓடிய ஓட்டத்தின் சூடு அந்த வெள்ளையில் இருந்தது. ஹெட் அருகே பைப்பைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் கரி படிந்த விசிறி அடையாளம், கசிவு எங்கே என்று கை காட்டும் மாதிரி. உறுதி செய்ய ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயைத் தடித்த துணியால் ஓரிரு நொடி அழுத்தினேன். ஹெட் பக்கம் சீறியது. கட்டுக்கம்பி தளர்ந்து, ஸ்டாண்டு செயினில் உரசிய பளபளப்பு. புது சைலன்சரின் வெல்டு ஓரங்களில் அதற்குள் செந்துரு. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரின் உள்ளழுத்தம், பார்த்தேன், குறையவில்லை. எஞ்சின் தப்பித்தது.

புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் புது செட்டில் இல்லை. பழைய சைலன்சரை அசைத்தால் உள்ளே அது இருந்த கனம் தெரிந்தது. நல்லவேளை, அதைப் பழைய இரும்புக்காரரிடம் போடாமல் வைத்திருந்தார்கள்.

இருந்த வழிகளும் எடுத்த முடிவும்

வண்டிக்காரர் கேட்டது: கேஸ்கெட் மாற்றி, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக்கி, இதையே ஓட்ட முடியாதா? நியாயமான கேள்வி. சமவெளிக்காரர் கேட்டிருந்தால் இயந்திரக் கணக்கில் அது வேலை செய்யும் என்றுதான் சொல்லியிருப்பேன். இவருக்கு அது சரிவராது. கோவை ரோட்டுக்கு ஏற்ற ஜெட்டைப் போட்டால் அவர் தினமும் ஓட்டும் கோத்தகிரியில் கலவை இன்னும் ரிச் ஆகும். குளிரில் பிளக் கரியடைக்கும், மைலேஜ் விழும். கோத்தகிரிக்கு ஏற்ப வைத்தால் கோவை ரோட்டில் பழைய கதை. கம்பெனி சைலன்சரோடு சேர்த்து அமைத்த கார்புரேட்டருக்கு இரண்டு உயரத்தையும் ஓரளவு தாங்கும் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியைத்தான் புது பைப் தின்றுவிட்டது. இரண்டு ஜெட் வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையத்தில் நிறுத்தி மாற்றிக்கொண்டிருக்க முடியுமா?

சட்டமும் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120ஆவது விதி, ஒவ்வொரு வண்டிக்கும் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் வேண்டும் என்கிறது. 80 முதல் 175 சிசி வரையான பைக்குக்குத் தயாரிப்பு நிலையில் வைத்த எல்லை 77 டெசிபல். சத்தம், புகை விதியை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸும் 3 மாதம் நிற்கும். டிபி கில்லர் இருக்கிறதே என்பது பதிலாகாது, அது இரண்டு போல்ட்டில் கழன்றுவிடும் சாமான். கன்வெர்ட்டர் இல்லாததற்கு டிபி கில்லர் ஈடும் ஆகாது. வார இறுதியில் ஊட்டி, கோத்தகிரி ரோடுகளில் அலறிக்கொண்டு ஏறும் வண்டிகளை யாரும் பிடிப்பதில்லையே என்று அண்ணன் கேட்டார். அவர் கேட்டதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் டூரிஸ்ட் ஒருநாள் வந்துவிட்டுப் போய்விடுவார், இவர் தினம் அதே ஸ்டேஷனைத் தாண்டி வேலைக்குப் போகிறவர்.

பழையதை ஒட்டுப்போட்டு நிரந்தரமாக ஓட்டலாமா என்றும் பார்த்தேன். ஓட்டையைச் சுற்றித் தட்டினால் தகடு உதிர்ந்தது. உள்தடுப்புகளும் அரித்திருக்கும். வெல்டு வைத்தால் அந்த வெல்டுக்குப் பக்கத்தில் அடுத்த மழைக்கு இன்னொரு ஓட்டை. அதனால் முடிவு இரண்டு படியாக எடுத்தோம். கம்பெனி சைலன்சருக்கு ஆர்டர் கொடுப்பது. அது வரும்வரை பழையதில் தகடு ஒட்டு வைத்து, புது கேஸ்கெட்டோடு மாட்டுவது. செலவு கூடுகிறதே என்று அவர் தயங்கினார். தங்கையின் கால் கட்டைப் பார்த்த அம்மா வீட்டில் பேசி முடித்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. என் விளக்கம் அவ்வளவு வேலை செய்ததாகத் தோன்றவில்லை.

அதன் பிறகு

ஒட்டுப்போட்ட பழையதோடு இறக்கத்தில் வெடிச்சத்தம் நின்றது. கேஸ்கெட் கசிவுதான் அதற்குக் காரணம் என்ற கணிப்போடு இது பொருந்தியது. புது கம்பெனி சைலன்சர் வந்ததும் மாட்டி, எஞ்சின் சூடாகி ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கினோம். கேஸ்கெட் முதல் சூட்டில் இன்னும் கொஞ்சம் அமர்ந்துகொள்ளும், நட்டு லேசாகத் தளரும். மேட்டுப்பாளையம் வரை இறங்கி, கீழே கொஞ்ச தூரம் ஒரே வேகத்தில் ஓட்டிப் பிளக்கைக் கழற்றினோம். இளம் பழுப்பு. ஏற்றத்தில் தட்டல் இல்லை.

தங்கையின் காயம் ஆறிவிட்டது, தழும்பு நிற்கிறது. ஆன்லைனில் விற்றவர் மாட்டிய சாமானைத் திரும்ப எடுக்கவில்லை. பாட்டில் சைலன்சர் வீட்டுப் பரணில் கிடக்கிறது. விற்கலாமா என்று கேட்டார், வாங்குபவனுக்கும் இதே கதைதானே என்றேன். விற்றாரா இல்லையா, நான் விசாரிக்கவில்லை.

மறுபடி செய்தால்

வீட்டில் சைலன்சர் கழற்றி மாட்டுவதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். கம்பெனி சாமானை வீட்டில் மாட்டுவது, கருவி இருந்தால், நிதானமான இருவர் செய்யக்கூடிய வேலை. கழற்றும் முன் புது கேஸ்கெட் கையில் இருக்க வேண்டும். பழைய கேஸ்கெட் ஹெட்டின் வாய்க்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரல்விட்டுப் பார்க்க வேண்டும், அதன் மேலேயே புதியதைப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஸ்டட்டுகளில் செம்பு கிரீஸ் லேசாகத் தடவினால் அடுத்த முறை ராத்திரி முழுக்க ஊற வைக்க வேண்டியதில்லை. புது பைப்பில் பட்ட விரல் ரேகையைத் துடைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் கறை படியாது, அது அழகுக்கு மட்டும். பழையதைப் புதியதன் பக்கத்தில் வைத்து, என்னென்ன ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று பார்த்திருந்தால் ஸ்டாண்டு ரப்பரும் சூட்டுத் தகடும் அன்றே கண்ணில் பட்டிருக்கும்.

சோதனை ஓட்டம் வீட்டைச் சுற்றி முடியக் கூடாது. மேலே இருக்கும் வண்டியை ஒருமுறை கீழ் வரை இறக்கி ஏற்றி, பிளக் பார்க்க வேண்டும். பின்னால் ஆள் இல்லாமல்.

பிஎஸ் 6 வண்டி வைத்திருக்கும் அண்ணன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "என்னோடது எஃப்ஐ, அதுவே சரி பண்ணிக்கும்ல" என்றார். எஃப்ஐ என்றால் கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து தெளிக்கும் முறை. உயரத்துக்கு ஓரளவு சரி செய்துகொள்ளும், உண்மை. அழுத்தத்தைப் பார்த்துப் பெட்ரோலைக் குறைக்கும். ஆனால் ஆக்சிஜன் சென்சார் பைப்பில் உட்காருகிறது. கசியும் கேஸ்கெட் வழியே நுழையும் காற்றை அது எஞ்சினுக்குள் போன காற்று என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டிவிடும். அவர் வண்டியின் ஹெட் நட்டுகளையும் அன்றே பார்த்தோம், ஒன்று தளர்ந்திருந்தது. ஹட்டியில் இன்னும் சில வண்டிகளின் சைலன்சர் அடித்துளையை அவரே கம்பியால் குத்திச் சேறெடுத்துவிட்டதாகப் பிறகு சொன்னார்.